பெயர்ச்சீட்டு இல்லாத ஏழு கற்கள்: எது தீப்பாறை, எப்படிக் கண்டுபிடிப்பது?

கூழாங்கல் (பதிவு 1)

எல்லோருக்கும் வணக்கம். மாமா வீடு மாறியபோது ஒரு மரப்பெட்டி என் கைக்கு வந்து சேர்ந்தது. உள்ளே ஏழு கற்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு எண். எந்த எண் என்ன கல் என்று எழுதிவைத்த நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. அட்டையில் பாதி மிச்சம். அதில் 'தீப்பாறைகள்' என்ற ஒரு சொல்தான் படிக்க முடிகிறது. எங்கே எடுத்த கற்கள் என்று மாமாவுக்கும் நினைவில்லை.

படங்களும் இணைத்திருக்கிறேன். என் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன். 1: கறுப்பு, நல்ல கனம், ஆங்காங்கே வெள்ளைப் பொட்டு. 2: இளஞ்சிவப்பு, வெள்ளை, கறுப்பு மணிகள் கலந்தது. 3: முழுக்கக் கறுப்பு, ஆனால் உற்றுப் பார்த்தால் பொடி மணிகள் மினுங்குகின்றன. 4: சாம்பல் நிறம், நடுநடுவே வெள்ளைக் கட்டங்கள். 5: கறுப்புக் கண்ணாடித் துண்டு மாதிரி. 6: இதுவும் கண்ணாடிப் பளபளப்பு, ஆனால் ஓட்டை ஓட்டையாக, கொஞ்சம் பச்சை. 7: வெள்ளையும் கறுப்பும் பட்டை பட்டையாக.

பள்ளியில் படித்தது ஒரே வரிதான்: எரிமலைக் குழம்பு ஆறினால் தீப்பாறை. அப்படியானால் கறுப்பெல்லாம் எரிமலையிலிருந்து வந்தது, வெளிறியதெல்லாம் வேறு என்று பிரித்துவிடலாமா?

எரிகுழம்பன் (பதிவு 2)

தாராளமாக. 1, 3, 5, 6 நாலும் லாவா. பூமிக்குள் முழுக்கக் குழம்புதானே? மேலோட்டில் விரிசல் விட்டால் வழிந்து வெளியே வரும், ஆறினால் கறுத்துவிடும். 1 ரொம்பக் கனம் என்றால் விண்கல்லாகக்கூட இருக்கலாம், பத்திரமாக வையுங்கள்!

அடிப்பாறை (பதிவு 3)

தம்பி எரிகுழம்பன், கோபித்துக்கொள்ளாதீர்கள், நாலு வரியில் மூன்று தப்பு. முதல் தப்பைத்தான் எல்லோரும் செய்கிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூமிக்குள் முழுக்கக் குழம்பு கிடையாது. மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை இருக்கும் கவசம் திடப்பாறை. நிலநடுக்கத்தின் எஸ் அலைகள் திரவத்துக்குள் போகாது. கவசத்துக்குள் தாராளமாகப் போகின்றன. உண்மையில் திரவமாக இருப்பது அதற்கும் கீழே உள்ள வெளிக்கருதான், அதுவும் இரும்பும் நிக்கலும். அங்கிருந்து எந்த எரிமலைக்கும் குழம்பு வருவதில்லை.

அப்புறம் மாக்மா எங்கிருந்து வருகிறது? கவசப்பாறை உருகும் அளவுக்குச் சூடாகத்தான் இருக்கிறது, மேலிருக்கும் அழுத்தம் அதை உருகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. மூன்று வழிகளில் அந்தப் பிடி தளரும்.

ஒன்று, பாறை மெல்ல மெல்ல மேலே எழும்பும்போது அழுத்தம் குறையும், சூடு அவ்வளவாகக் குறையாது. ஒரு கட்டத்தில் உருகத் தொடங்கும். நடுக்கடல் முகடுகள், ஐஸ்லாந்து, ஹவாய் எல்லாம் இப்படித்தான். நெருப்பு கூட்டாமலே உருகும் பாறை! எனக்கு இன்றுவரை வியப்பு தீராத விஷயம் இது. இரண்டு, தண்ணீர். கடல்தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் சரியும்போது அதிலுள்ள நீர் பிரிந்து மேலேயுள்ள கவசத்துக்குள் ஏறும். நீர் சேர்ந்தால் பாறையின் உருகுநிலை பல நூறு பாகை இறங்கிவிடும். ஆண்டீஸ், ஜப்பான், இந்தோனேசியா எரிமலைகளுக்கு வேர் இதுதான். மூன்று, சூடான மாக்மா மேலோட்டின் அடியில் வந்து தேங்கிச் சுற்றியிருக்கும் பாறையை உருக்குவது. கிரானைட்டில் கணிசமான பங்கு இப்படி வந்தது.

இன்னொன்று: உருகும்போது பாறை முழுசாக உருகாது. எளிதில் உருகும் பங்கு முதலில் கசிந்து பிரிந்துவிடும். அதனால் தாய்ப்பாறையும் மாக்மாவும் ஒரே பொருள் அல்ல. கவசத்தின் பெரிடோடைட் சிறிதளவு உருகினால் கிடைப்பது பசால்ட் குழம்பு.

இரண்டாவது தப்பு நிறம். உங்கள் 5 நான் நினைப்பதுதான் என்றால், கறுப்பில் அது முதல் வரிசை, ஆனால் வேதியியலில் வெளிறிய கிரானைட்டின் பங்காளி. விண்கல்லைப் பிறகு பார்ப்போம்.

கூழாங்கல், நிறத்தை ஓரமாக வையுங்கள். கல்லிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். எங்கே ஆறினாய்? அதற்கு மணியின் அளவு பதில் சொல்லும். நீ எதனால் ஆனவன்? அதற்குக் கனிமங்கள் பதில் சொல்லும். முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதுக்குப் போகாதீர்கள்.

கூழாங்கல் (பதிவு 4)

ஐயா, மிக்க நன்றி. 'எங்கே ஆறியது' என்பதை மணி எப்படிச் சொல்லும்? மெதுவாக ஆறினால் பெரிய மணி என்று எங்கோ படித்தேன். மெதுவாக என்றால் எத்தனை நாள்?

நுண்ணாடி (பதிவு 5)

நாள் கணக்கெல்லாம் பத்தாதுப்பா.

ஹவாயில் 1959-இல் கிலாவேயா இக்கி என்ற பள்ளம் வெடித்து லாவா ஏரியாக நிரம்பியது. ஆழம் நூறு மீட்டருக்கு மேல். மேலே சீக்கிரமே ஓடு கட்டிவிட்டது, அதன்மேல் நடந்து போய்த் துளை போட்டுப் பார்த்தார்கள். இருபது ஆண்டு கழித்துத் துளைத்தபோதும் அடியில் குழம்பு மிச்சம் இருந்தது. நூறு மீட்டர் ஆழத்துக்கே இந்தக் கதை, அதுவும் திறந்த வானத்தின் கீழே. பல கிலோமீட்டர் ஆழத்தில், நாலாபுறமும் பாறை போர்த்தியிருக்க, மலையளவு மாக்மா ஆறுவதற்கு லட்சக்கணக்கில் ஆண்டுகள் ஆகும். கிரானைட் மணிகளைக் கண்ணாலேயே எண்ண முடிவது அந்தப் பொறுமையால்தான்.

இதைச் சோதித்தே காட்டியவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹால், 1798-இல். பசால்ட் வகைக் கல்லை உலையில் உருக்கினார். சட்டென்று குளிர்த்தால் கண்ணாடி. அதே குழம்பை மெல்ல ஆறவிட்டால் மறுபடி கல். ஒரே பொருள், இரண்டு முகம். அந்தக் காலத்தில் வெர்னர் என்ற ஜெர்மானியரின் மாணவர்கள் கிரானைட்டும் பசால்ட்டும் கடல்நீரிலிருந்து படிந்தவை என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹாலின் நண்பர் ஜேம்ஸ் ஹட்டன் 1785-இல் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில் கிரானைட் நரம்புகள் பழைய பாறையைப் பிளந்து நுழைந்திருப்பதைப் பார்த்துவிட்டார். படிந்த கல் பக்கத்துக் கல்லைப் பிளந்துகொண்டு நுழையாதே! அன்று அவர் போட்ட கூச்சலைக் கேட்டு, தங்கம் கிடைத்துவிட்டதோ என்று கூட வந்தவர்கள் நினைத்ததாகக் கதை உண்டு.

சரி, உங்கள் பெட்டிக்கு வருவோம். மணிகள் வெறுங்கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிந்தால் பாதாளப்பாறை, ஆழத்தில் ஆறியது. பூதக்கண்ணாடி வைத்தாலும் மணி பிரியாவிட்டால் வெளியே ஓடி ஆறியது. மணியே இல்லாமல் கண்ணாடியாக இருந்தால் படிகம் கட்ட நேரமே கிடைக்கவில்லை என்று பொருள். பொடி மணிகளுக்கு நடுவே பெரிய படிகங்கள் மிதந்தால் போர்ஃபிரி: கீழே கொஞ்ச காலம் ஆறிப் படிகம் கட்டிக்கொண்டு, பிறகு சட்டென்று மேலே ஏறி மிச்சத்தை ஆறவிட்டது.

ஒவ்வொரு குழம்புக்கும் இரண்டு பெயர் உண்டு. அடியில் ஆறினால் கிரானைட், அதுவே மேலே வந்தால் ரயோலைட். டயோரைட்டின் வெளியூர்ச் சொந்தம் ஆண்டிசைட். கேப்ரோவுக்கு பசால்ட். சிலிக்கா (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது) 63 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் முதல் சோடி, 52 முதல் 63 வரை நடுச்சோடி, 45 முதல் 52 வரை கடைசிச் சோடி. 45-க்கும் கீழே போனால் பெரிடோடைட். அதன் லாவா வடிவத்துக்கு கோமாட்டியைட் என்று பெயர். கோமாட்டியைட்டுகள் ஏறக்குறைய எல்லாமே 250 கோடி ஆண்டுக்கு முந்தையவை. பூமி அப்போது இன்னும் சூடாக இருந்தது, இப்போது அப்படி ஒரு லாவா வெளியே வருவதில்லை.

செங்கோணம் (பதிவு 6)

அக்கா, ஒரு சந்தேகம். நானும் வகுப்பில் 'மெதுவாக ஆறினால் பெரிய மணி' என்றுதான் சொல்லித்தருகிறேன். போன வாரம் ஒரு மாணவி கேட்டாள்: பெக்மடைட்டில் ஆள் உயரப் படிகம் இருக்கிறதே, அப்படியென்றால் அது கிரானைட்டைவிட இன்னும் மெதுவாக ஆறியதா? ஆனால் பெக்மடைட் சின்னச் சின்ன நரம்பாகத்தானே இருக்கும், அது சீக்கிரம் அல்லவா ஆற வேண்டும்? பதில் தெரியாமல் மணி அடித்ததும் தப்பித்தேன்.

நுண்ணாடி (பதிவு 7)

அந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள், நிலவியலுக்கு ஆள் தேவைப்படுகிறது.

அவள் சொல்வதுதான் சரி. படிகத்தின் அளவை நேரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை இடத்தில் படிகம் முளைக்கத் தொடங்குகிறது, முளைத்ததற்கு எவ்வளவு வேகமாகத் தீனி வந்து சேர்கிறது, இந்த இரண்டும்தான் கணக்கு. ஆயிரம் இடத்தில் முளைத்தால் ஆயிரம் குட்டி மணி. பத்து இடத்தில் முளைத்து, பொருள் தடையில்லாமல் ஓடிவந்து ஒட்டினால் பத்து பூதம்.

கிரானைட் குழம்பு ஆறிக்கொண்டே போகும்போது படிகங்களுக்குள் சேராத நீர், போரான், ஃபுளூரின், லித்தியம் எல்லாம் மிச்சக் குழம்பில் குவியும். அந்தக் கடைசிச் சொட்டுதான் பெக்மடைட். நீர் மிகுந்ததால் தண்ணியாக ஓடும், அணுக்கள் எளிதில் நகரும், முளைகளும் குறைவு. அதனால்தான் நரம்பு மெலிதாக இருந்தாலும் படிகம் பெரிதாக வளர்கிறது. அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டாவில் எட்டா சுரங்கத்தில் 12 மீட்டருக்கும் நீளமான ஸ்போடுமீன் (லித்தியம் கனிமம்) படிகங்கள் கிடைத்தன. 'மெதுவாக ஆறினால் பெரிய மணி' என்பதை வகுப்பில் சொல்லுங்கள், கூடவே 'பெரும்பாலும்' என்ற சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

வேடிக்கைக்காரன் (பதிவு 8)

அது சரி, 6-ஐப் பற்றி ஒருத்தரும் வாயே திறக்கவில்லையே?

அடிப்பாறை (பதிவு 9)

திறப்போம், அவசரமில்லை. முதலில் கல்லைப் பார்க்கிற விதம்.

பெட்டியில் பல காலம் கிடந்த கல்லின் மேல்தோலை நம்பாதீர்கள். வெயிலும் மழையும் பட்ட தோல் செம்பழுப்பாகும், வெளிறும், உள்ளே இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. எண் எழுதிய பக்கத்தை விட்டுவிட்டு ஒரு மூலையில் சின்னச் சில்லு தட்டுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், கல்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டு தட்டுங்கள். புது முகத்தை நனைத்துப் பாருங்கள், நிறங்கள் பிரிந்து தெரியும்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கல்லின் மேல் வைத்து எட்டிப் பார்க்கக் கூடாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, கல்லை அதன் கிட்டே கொண்டுவர வேண்டும். வெளிச்சம் கல்லில் விழும்படி நின்று, கல்லை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். சில மணிகள் கண்ணாடிச் சில்லு போலச் சட்டென்று பளிச்சிட்டு அணையும். அவை தட்டையாகப் பிளந்த முகங்கள், அநேகமாக ஃபெல்ஸ்பார். எப்படிச் சாய்த்தாலும் பளிச்சிடாமல், உடைந்த பாட்டில் மாதிரி ஈரப் பளபளப்போடு சாம்பலாகத் தெரிவது குவார்ட்ஸ். வயல் வரப்பில் கிடக்கும் வெங்கச்சங்கல் இதே கனிமம்தான், ஆனால் கிரானைட்டுக்குள் வெள்ளையாக இருக்காது, பின்னால் இருக்கும் இருட்டை வாங்கிச் சாம்பலாகத் தெரியும். நிறைய பேர் ஏமாறும் இடம் இது: வெள்ளையை குவார்ட்ஸ் என்பார்கள், அது ஃபெல்ஸ்பாராக இருக்கும்.

கறுப்பில் ஊசியால் நோண்டினால் இதழ் இதழாக உரிவது காக்காப்பொன், அதாவது பயோடைட் மைக்கா. உரியாமல் நீளக் கட்டையாக இருந்தால் ஹார்ன்பிளெண்ட். குட்டையாக, ஏறக்குறைய சதுர முனையோடு இருந்தால் பைராக்சீன். பைராக்சீனின் இரண்டு பிளவுகளும் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் வெட்டும், ஹார்ன்பிளெண்டில் 56-க்கு 124. லென்ஸில் கோணத்தை அளக்க வேண்டியதில்லை, செங்கோணமா சாய்சதுரமா என்று மட்டும் பாருங்கள்.

எஃகுக் கத்தியின் நுனியால் கீறிப் பாருங்கள். குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் கீறல் வாங்காது, கத்திதான் தேயும்.

கூழாங்கல் (பதிவு 10)

ராத்திரி பதினொரு மணிவரை உட்கார்ந்து பார்த்தேன். மனைவி வந்து இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனாள், ஒன்றும் சொல்லவில்லை.

2: இளஞ்சிவப்பு மணிகள் பளிச்சிடுகின்றன, ஃபெல்ஸ்பார். வெள்ளையில் சிலவும் பளிச்சிடுகின்றன, அவற்றில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய இணைகோடுகள்! இடுக்குகளை நிரப்பிக்கொண்டு சாம்பல் நிறக் கண்ணாடி, அது குவார்ட்ஸ், மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு இருக்கும். கறுப்பு, ஊசிக்கு உரிகிறது.

7: இதிலும் அதே சாமான்தான். ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், காக்காப்பொன்.

எரிகுழம்பன் (பதிவு 11)

அப்படியென்றால் 2, 7 இரண்டும் கிரானைட். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்!

அடிப்பாறை (பதிவு 12)

பாறையில் அந்தப் பழமொழி கவிழ்த்துவிடும். 2 கிரானைட்தான், ஐயமில்லை. அந்த இணைகோடுகள் பிளேஜியோகிளேஸ் என்ற ஃபெல்ஸ்பார் வகையின் முத்திரை, நன்றாகப் பிடித்தீர்கள். குவார்ட்ஸ் இடுக்கை நிரப்பியிருப்பதையும் கவனியுங்கள். அது கடைசியாகப் படிகம் கட்டுவது, மற்றவர்கள் உட்கார்ந்தபின் கிடைத்த இடத்தில்தான் உட்கார முடியும். நார்மன் போவன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலையில் சோதித்துச் சொன்ன வரிசை இதுதான்: முதலில் ஒலிவின், பிறகு பைராக்சீன், ஹார்ன்பிளெண்ட், பயோடைட், கடைசியில் பொட்டாசியம் ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும். இன்னொரு பக்கம் பிளேஜியோகிளேஸ் கால்சியம் மிகுந்ததாகத் தொடங்கிச் சோடியம் பக்கம் நகரும். அந்த வரிசை தெரிந்துவிட்டால், ஒலிவினும் குவார்ட்ஸும் ஒரே கல்லில் கைகோத்து நிற்பதாக யாராவது சொன்னால் சந்தேகப்படத் தோன்றும்.

7-இல் சாமான் ஒன்று, அடுக்கியிருப்பது வேறு. குழம்பில் படிகங்கள் இஷ்டத்துக்கு எல்லாத் திசையிலும் வளரும். பட்டை பட்டையாக வரிசை கட்டி, காக்காப்பொன் இதழ்கள் எல்லாம் ஒரே பக்கம் படுத்திருந்தால் பின்னால் ஏதோ அமுக்கியிருக்கிறது. அது நைஸ், உருமாறிய பாறை. ஒரு காலத்தில் கிரானைட்டாக இருந்திருக்கலாம், ஆனால் இப்போது தீப்பாறைப் பட்டியலில் சேராது.

நம் பேச்சில் 'கருங்கல்' என்று ஒரே சொல்லில் கிரானைட், நைஸ், டோலரைட், சார்னோகைட் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிடுகிறோம். கல் உடைப்பவருக்கு அது போதும், நமக்குப் போதாது. கட்டடக் கல் வணிகத்தில் 'கறுப்பு கிரானைட்' என்று சொல்வதில் பெரும்பாலானவை கிரானைட்டே அல்ல. கேப்ரோ, டோலரைட் வகை. சார்னோகைட்டின் கதை இன்னும் வேடிக்கை: கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்து தாமஸ் ஹாலந்து வைத்த பெயர் அது. தீப்பாறையா உருமாறியதா என்ற வழக்கு அதற்கு வெகுகாலம் நடந்தது. இரண்டு வழியிலும் உண்டாகும் என்பதுதான் இப்போதைய நிலை.

செங்கோணம் (பதிவு 13)

1-க்கும் 3-க்கும் அடர்த்தி பார்க்கச் சொல்லுங்கள் ஐயா. எளிய வழி: தராசில் ஒரு பாத்திரத்தில் கல் மூழ்கும் அளவு தண்ணீர் வைத்து (விளிம்புவரை வேண்டாம், வழிந்தால் கணக்கு தப்பும்), பூச்சியம் ஆக்கிக்கொள்ளுங்கள். கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல், கையில் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் கிராம் எவ்வளவோ அவ்வளவு கன சென்டிமீட்டர் கல்லின் பருமன். கல்லின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. கிரானைட் 2.65 பக்கம், பசால்ட், கேப்ரோ 2.9 முதல் 3.1, பெரிடோடைட் 3.3. ஓட்டைக் கல்லுக்கு இந்தக் கணக்கு பொய் சொல்லும், 6-க்குச் செய்யாதீர்கள்.

கூழாங்கல் (பதிவு 14)

செய்தாயிற்று. 2: 386 கிராம், தராசு காட்டியது 146. ஆக 2.64. புத்தகத்தில் எழுதிவைத்த மாதிரி வந்துவிட்டது, சிரிப்பு வந்தது. 1: 412-க்கு 139, 2.96. 3: 530-க்கு 176, 3.01.

முதல் தடவை 1 பாத்திரத்தின் அடியில் தட்டிவிட்டது, 300-க்கு மேல் காட்டியது, அடர்த்தி 1.3 வந்தது. கல் மிதக்கப்போகிறதோ என்று பயந்தேன்.

1-இன் வெள்ளைப் பொட்டுகள் எல்லாம் உருண்டையாக, முட்டையாக இருக்கின்றன. 4-இல் இருப்பவையோ நேர் விளிம்போடு கட்டம் கட்டமாக. இரண்டும் ஒன்றா?

நுண்ணாடி (பதிவு 15)

இந்த இழையிலேயே நல்ல கேள்வி இதுதான்.

ஒன்றல்ல. நேர் விளிம்பு இருந்தால் அது குழம்பில் தானே வளர்ந்த படிகம். உருண்டை விளிம்பு இருந்தால் அது காற்றுக்குமிழி இருந்த இடம். லாவா மேலே வரும்போது அழுத்தம் குறைய, கரைந்திருந்த நீராவியும் கரியமில வாயுவும் குமிழியாகப் பிரியும். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. ஓட்டம் உறையும்போது குமிழிகள் மேல்பகுதியில் சிக்கிக்கொள்ளும். பிறகு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடி நீர் அந்த ஓட்டைகள் வழியே ஊறி, கால்சைட்டையோ ஜியோலைட்டையோ குவார்ட்ஸையோ உள்ளே படியவைக்கும். அடைபட்ட குமிழி, அவ்வளவுதான். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கொட்டிய தக்காண பசால்ட்டில் இப்படி நிரம்பிய ஜியோலைட் படிகங்கள் உலகத்து அருங்காட்சியகங்களில் எல்லாம் இருக்கின்றன. அதற்காக உங்கள் கல் தக்காணத்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள், பசால்ட் எல்லாக் கண்டத்திலும் உண்டு, கடலடி முழுக்கவும் அதுதான்.

விண்கல் பேச்சும் இங்கேயே முடிந்தது. விண்கல்லில் குமிழி ஓட்டை இருப்பது மிகமிக அரிது. மேலே உருகிக் கறுத்த மெல்லிய ஓடு இருக்கும், உடைத்தால் பெரும்பாலும் உலோகப் பொட்டு மினுங்கும். காந்தம் ஒட்டுகிறதே என்று யாராவது வருவார்கள்: பசால்ட்டில் மாக்னடைட் இருக்கிறது, நூலில் கட்டிய சின்னக் காந்தம் அதன் பக்கமும் சாயும்.

பொட்டின் மேல் வினிகர் ஒரு சொட்டு விட்டு லென்ஸில் பாருங்கள். நுரைத்தால் கால்சைட்.

எரிகுழம்பன் (பதிவு 16)

அமிலத்துக்கு நுரைத்தால் சுண்ணாம்புக்கல்தானே, தீப்பாறை நுரைக்கவே நுரைக்காது என்று இப்போதாவது சரியாகச் சொல்கிறேனா?

நுண்ணாடி (பதிவு 17)

ஏறக்குறைய! பொட்டு மட்டும் நுரைத்து, சுற்றியுள்ள கறுப்பு சும்மா இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் முழுக்க நுரைக்கும் தீப்பாறையும் ஒன்று உண்டு, கார்பனடைட். தான்சானியாவில் ஓல் டோயின்யோ லெங்காய் எரிமலை இன்றும் சோடியம் கார்பனேட் லாவாவைக் கக்குகிறது. சுமார் 500 முதல் 600 பாகைதான் சூடு. பசால்ட் லாவா 1,100-ஐத் தாண்டும். கறுப்பாக ஓடிவந்து, காற்றின் ஈரம் பட்டதும் சில நாளில் வெளுத்துவிடும். உங்கள் பெயருக்கு ஏற்ற எரிமலை, படித்துப் பாருங்கள்.

கூழாங்கல் (பதிவு 18)

பொட்டு நுரைத்தது, கறுப்பு நுரைக்கவில்லை. லென்ஸில் குட்டிக் குட்டி முத்தாகக் கிளம்பியதைப் பார்த்தேன்.

அடிப்பாறை (பதிவு 19)

1 குமிழி அடைபட்ட பசால்ட். முடிந்தது.

3-இல் மணி ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான் என்று படத்தில் தெரிகிறது. கேப்ரோ என்றால் இன்னும் பெரிய மணி எதிர்பார்ப்பேன். பசால்ட் என்றால் மணியே தெரியக் கூடாது. நடுவில் நிற்பது டோலரைட். பாறை விரிசலில் நுழைந்து சுவராக உறைந்த டைக் கல். சாய்த்துப் பார்த்தால் குச்சி குச்சியாக வெளிறிய பிளேஜியோகிளேஸ், இடையே கறுத்த பைராக்சீன் தெரிய வேண்டும். களத்தில் டைக்கைப் பார்த்தால் ஓரத்தை மறக்காமல் பாருங்கள். குளிர்ந்த சுவரைத் தொட்ட விளிம்பில் மணி பொடிந்து, நடுவுக்குப் போகப் போகப் பெரிதாகும். ஒரே கல்லில் இரண்டு அடி தூரத்துக்குள் ஆறிய வேகம் முழுக்க எழுதியிருக்கும். பெட்டியில் கிடக்கும் கல்லில் அது கிடைக்காது.

4 போர்ஃபிரி. நேர் விளிம்புக் கட்டங்கள் பிளேஜியோகிளேஸ். குவார்ட்ஸ் மணி ஏதும் தெரியவில்லை என்றால் ஆண்டிசைட் என்று எழுதுங்கள், பக்கத்தில் 'களப்பெயர்' என்றும் எழுதுங்கள். பொடி மணிக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று லென்ஸ் சொல்லாது. டேசைட்டா (ஆண்டிசைட்டுக்கும் ரயோலைட்டுக்கும் இடைப்பட்டது) ஆண்டிசைட்டா என்று உறுதியாகச் சொல்ல வேதிப்பகுப்பு வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நாற்பது வருடம் கல் பார்த்தவனும் இப்படித்தான் எழுதுகிறான்.

வேடிக்கைக்காரன் (பதிவு 20)

6?

அடிப்பாறை (பதிவு 21)

சரி, 5-ஐயும் 6-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 5-இன் மெல்லிய விளிம்பை விளக்குக்கு எதிரே பிடித்தால் புகை நிறத்தில் வெளிச்சம் ஊடுருவும். உடைந்த முகத்தில் சிப்பியின் உட்புறம் போல வளைய வளையக் கோடுகள். அது அப்சிடியன். சிலிக்கா 70 விழுக்காட்டுக்கு மேல், ரயோலைட் குழம்புதான். அவ்வளவு கெட்டியான குழம்பில் அணுக்கள் நகர்ந்து வரிசை கட்டவே முடியாது, அப்படியே உறைந்துவிடும். கறுப்புக்குக் காரணம் உள்ளே தூவியிருக்கும் நுண்ணிய இரும்பு ஆக்சைடு. கண்ணாடி நிலையானதல்ல, காலப்போக்கில் மெல்லப் படிகமாகிவிடும், அதனால் மிகப் பழைய அப்சிடியன் அபூர்வம். விளிம்பு சவரக் கத்தியைவிடக் கூர்மை, விரல் பத்திரம்.

6-இல் குமிழிகள் ஒன்று கடுகளவு, பக்கத்தில் ஒன்று கட்டைவிரல் அளவு. நிறம் பச்சை, ஓரிடத்தில் நீலம் சுழித்திருக்கிறது. காந்தம் ஒரு மூலையில் ஒட்டுகிறதா? அங்கே உடைத்தால் இரும்பு முத்து இருக்கிறதா?

கூழாங்கல் (பதிவு 22)

ஒட்டுகிறது. இருக்கிறது. மிளகளவு, துருப்பிடித்து.

அடிப்பாறை (பதிவு 23)

உலைக் கசடு. ஊரில் இரும்புக் கிட்டம் என்பார்கள். உருகி உறைந்தது என்ற வரையில் தீப்பாறையின் சாயல் எல்லாம் உண்டு, ஜேம்ஸ் ஹால் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் உருக்கியது மனிதன். லாவா என்று எனக்குக் கொண்டுவந்து காட்டப்படும் கற்களில் பாதி இதுதான்.

கூழாங்கல் (பதிவு 24)

மாமாவுக்குப் போன் போட்டேன். 6 கசடு, 7 நைஸ் என்றதும் ஒரு நிமிடம் பேச்சில்லை. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களிடம் அந்தப் பெட்டியைத்தான் நீட்டுவாராம், ஏழு கற்களையும் தீப்பாறை என்று எழுதிக் கொடுப்பவனை மறுநாளும் உட்காரவைப்பாராம். அட்டையில் 'தீப்பாறைகள்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி இருந்ததாம். கரையான் அதையும் சேர்த்துத் தின்றிருக்கிறது.

எரிகுழம்பன் (பதிவு 25)

நான் இரண்டு நாள் உட்கார்ந்திருப்பேன்.